எல்இடி பல்பு கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

குண்டு பல்பு காலத்தில் இழுத்த ஒயரிங்கில் எல்இடியை மாட்டியதும் அதுவரை பார்க்காத வேடிக்கைகள் தொடங்கும். அணைத்த பல்பு இருட்டில் மினுங்கும். புது பல்பு ஆறு மாதத்தில் போகும். கடைக்காரரிடம் சண்டை போட்டு வேறு பல்பு வாங்கி வந்தால் அதுவும் அதையே செய்யும். ஏனென்றால் பெரும்பாலும் கோளாறு பல்பில் இல்லை. 60 வாட் குண்டு பல்பு கால் ஆம்பியர் இழுக்கும் முரட்டு ஆள். ஒயரில் ஒரு மில்லியம்பியர் கசிந்தாலும், ஹோல்டர் கொஞ்சம் லூஸாக இருந்தாலும் அதற்கு உறைக்காது. 9 வாட் எல்இடிக்கு எல்லாமே உறைக்கும். இருபது வருடமாகச் சுவருக்குள் இருந்த தவறை அது இப்போது காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

கையில் இருக்க வேண்டியவை

டெஸ்டர், மல்டிமீட்டர், நன்றாக எரியும் என்று தெரிந்த எல்இடி பல்பு ஒன்று, 40 அல்லது 60 வாட் குண்டு பல்பு ஒன்று. அந்தக் குண்டு பல்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கீழே பல இடங்களில் அதுதான் தீர்ப்பு சொல்லும். காலில் ரப்பர் செருப்பு, ஏறி நிற்க மர ஸ்டூல்.

ஸ்விட்சை அணைத்துவிட்டு ஹோல்டரில் கை வைக்காதீர்கள். ஸ்விட்ச் நியூட்ரலில் (கரன்ட் திரும்பிப் போகும் ஒயர்) போடப்பட்டிருந்தால் அணைத்த பிறகும் ஹோல்டரில் ஃபேஸ் (கரன்ட் வரும் ஒயர்) இருக்கும். மெயின் போர்டில் அந்த லைனுக்கான எம்சிபியை (கோளாறு வந்தால் தானாக இறங்கும் ஸ்விட்ச்) இறக்குங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மெயினை இறக்கினாலும் அந்த லைனில் கரன்ட் ஓடும், அதையும் அணையுங்கள். டெஸ்டரை முதலில் ஏதாவது ஒரு பிளக் பாயிண்டில் வைத்து அது எரிகிறது என்று பார்த்துக்கொண்டு, பிறகு ஹோல்டரில் வையுங்கள். செத்த டெஸ்டர் எல்லா ஒயரையும் பத்திரம் என்றுதான் சொல்லும்.

எந்த அறிகுறிக்கும் முதல் வேலை

சந்தேகப்படும் பல்பை வேறு அறையில் மாட்டுங்கள். நல்ல பல்பை இந்த ஹோல்டரில் மாட்டுங்கள். கோளாறு பல்போடு போனால் பல்பு. ஹோல்டரிலேயே தங்கினால் ஒயரிங். இரண்டு நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் போர்டைக் கழற்றுவதில் அர்த்தமில்லை.

## பல்பு எரியவே இல்லை

ஹோல்டர் பின். பழைய பேக்கலைட் ஹோல்டர்கள் 100 வாட் குண்டு பல்பின் சூட்டை வருடக்கணக்கில் தாங்கியவை. உள்ளே இருக்கும் இரண்டு பின்களின் ஸ்பிரிங் வலுவிழந்து, பல்பின் அடியைத் தொடாமல் நிற்கும். எம்சிபியை இறக்கிவிட்டு ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு பின்னையும் அமுக்குங்கள். விட்டதும் துள்ளி மேலே வர வேண்டும். வராவிட்டால், அல்லது பின் நுனி கறுத்திருந்தால், ஹோல்டரையே மாற்றுங்கள். பின்னைச் சுரண்டிச் சுத்தம் செய்வது சில வாரத்துக்குத்தான் தாங்கும்.

ஸ்விட்ச். எம்சிபியை ஏற்றி, ஸ்விட்சைப் போட்டு ஹோல்டரின் இரண்டு பின்னிலும் டெஸ்டரை வையுங்கள். ஒன்றில் மட்டும் எரிய வேண்டும். இரண்டிலும் எரியவில்லை என்றால் ஃபேஸ் வரவில்லை, ஸ்விட்சையும் அதன் திருகுகளையும் பாருங்கள். இரண்டிலும் எரிந்தால் நியூட்ரல் வழியில் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. சீலிங் ரோஸ் (கூரையில் ஒயர் வந்து சேரும் வட்டப் பெட்டி), அடுத்தது போர்டுக்குள் நியூட்ரல் ஒயர்களை முறுக்கிச் சேர்த்த இடம் என்ற வரிசையில் தேடுங்கள்.

மீட்டர் 230 காட்டுகிறது, பல்பு எரியவில்லை. டிஜிட்டல் மீட்டர் மிகச் சிறு கரன்டிலேயே முழு வோல்டைக் காட்டிவிடும். ஒயர் ஒற்றை இழையில் தொங்கிக்கொண்டிருந்தாலும் மீட்டருக்குத் தெரியாது. குண்டு பல்பை மாட்டுங்கள். அது எரியாமலோ மங்கியோ நின்றால் எங்கோ இணைப்பு அற்றுப்போகும் நிலையில் இருக்கிறது. சுவருக்குள் போகும் குழாயில் என்றால் எலக்ட்ரீஷியன் வேலை.

பல்பே போயிருந்தால்: மேல் மூடியைக் கழற்றினால் எல்இடி சில்லுகளில் ஒன்றின் நடுவில் கறுப்புப் புள்ளி தெரியும். சில்லுகள் வரிசையாகக் கோர்க்கப்பட்டிருப்பதால் ஒன்று கருகினால் எல்லாம் அணையும். அந்தச் சில்லை ஈயம் வைத்து ஒட்டி எரிய வைக்கும் வித்தை எங்கும் காணக் கிடைக்கிறது. செய்யாமல் இருப்பது நல்லது. மிச்சச் சில்லுகளுக்குச் சுமை ஏறி அடுத்தடுத்து கருகும். மூடியில்லாத அந்தத் தகடு மெயினோடு நேராகத் தொடர்புள்ளது, தொட்டால் அடிக்கும்.

## அணைத்த பிறகும் மங்கலாக எரிகிறது, அல்லது சில விநாடிக்கு ஒருமுறை மின்னுகிறது

இரண்டும் ஒரே நோய்தான். ஸ்விட்ச் அணைந்திருக்கும்போதும் துளி கரன்ட் பல்புக்குப் போகிறது. சில பல்புகள் அதிலேயே மங்கலாக எரியும். சில பல்புகள் அதை உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் சேர்த்து வைத்து, நிறைந்ததும் ஒரு மின்னு மின்னிவிட்டு மறுபடி சேர்க்கத் தொடங்கும்.

முதலில் ஒன்றைத் தள்ளிவிடுங்கள்: அணைத்து ஓரிரு நிமிடத்தில் அந்த மங்கல் தானாகப் போய்விட்டால் அது கோளாறே இல்லை. கெபாசிட்டரில் மிச்சமிருந்தது தீர்கிறது.

இண்டிகேட்டர் உள்ள ஸ்விட்ச். சிவப்புப் புள்ளி ஒளிரும் ஸ்விட்சில், அந்தக் குட்டி நியான் விளக்கு ஸ்விட்சுக்கு இணையாக அமர்ந்து, பல்பின் வழியாகத்தான் தன் கரன்டை முடித்துக்கொள்ளும். ஸ்விட்ச் அணைந்திருக்கும்போது ஒளிரும் வகை என்றால் இதுவே காரணம். சாதாரண ஸ்விட்ச் ஒன்றை மாற்றிப் போடுங்கள். போர்டில் தனியாக இருக்கும் இண்டிகேட்டர் விளக்கு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே இருக்கும், அதனால் இந்தத் தொல்லை வராது. அதைக் கழற்ற வேண்டாம்.

ஸ்விட்ச் நியூட்ரலில் இருக்கிறது. இதுதான் அதிகம் அகப்படும் காரணம், ஆபத்தானதும் இதுதான். ஸ்விட்சை அணைத்து, பல்பைக் கழற்றி, ஹோல்டர் பின்களில் டெஸ்டரை வையுங்கள். ஒரு பின்னில் பளிச்சென்று எரிந்தால் ஃபேஸ் நேராக ஹோல்டருக்குப் போயிருக்கிறது. எல்இடி மங்கலாக எரிவது சின்ன எரிச்சல். பல்பு மாற்றும்போது ஷாக் அடிப்பது அப்படியல்ல. ஒரு அறையில் மட்டும் இருந்தால் போர்டில் இரண்டு ஒயர்களை இடம் மாற்றுவதோடு முடியும். வீடு முழுக்க இப்படி இருந்தால் மீட்டர் போர்டிலேயே ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருக்கும். அங்கே நீங்கள் கை வைக்கக் கூடாது, எலக்ட்ரீஷியனை அழையுங்கள். இன்வெர்ட்டர் இணைத்த பிறகு இந்தக் கோளாறு தொடங்கியிருந்தால், இன்வெர்ட்டர் பிளக் பாயிண்டில் ஒயர் மாறியிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

மாடிப்படி விளக்கு. கீழே ஒன்று மேலே ஒன்று என இரண்டு ஸ்விட்ச் உள்ள இணைப்பில், ஒரே குழாய்க்குள் நீளமாக ஒட்டிப் போகும் ஒயர்களில் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தூண்டுதலாக வோல்ட் ஏறும். ஒயரிங்கில் தவறே இருக்காது, பல்பு மட்டும் மினுங்கும். உறுதிப்படுத்த, அதே லைனில் ஒரு குண்டு பல்பை இணையாக மாட்டிப் பாருங்கள், மினுங்கல் நின்றுவிடும். நிரந்தரத் தீர்வாக 0.1 மைக்ரோ ஃபாரட், 275 வோல்ட் ஏசி, ‘எக்ஸ்2’ என்று அச்சிட்ட கெபாசிட்டரை சீலிங் ரோஸுக்குள் பல்புக்கு இணையாக எலக்ட்ரீஷியனை வைத்துப் போடலாம். ஃபேன் கெபாசிட்டரையோ ரேடியோ கடையில் கிடைக்கும் ஏதோ ஒன்றையோ போடக் கூடாது. எக்ஸ்2 வகைதான் மெயினில் எப்போதும் நிற்பதற்காகச் செய்யப்பட்டது.

மழை நாளில் மட்டும் மினுங்கினால் சுவர் ஈரத்தில் ஒயர் கசிகிறது. பல்பையும் கெபாசிட்டரையும் மறந்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

## எரியும்போது மினுக்குகிறது

ஃபேன் ஓடும்போது மட்டும். ஃபேனை நிறுத்துங்கள். மினுக்கல் நின்றால், விளக்குக்கும் உங்களுக்கும் நடுவே இறக்கை வெட்டிப் போகிறது. பல்பு சுத்தம். விளக்கின் இடத்தை ஃபேன் இறக்கையை விடக் கீழே, பக்கச் சுவருக்கு மாற்றினால் போதும். இதற்காக மூன்று பல்பு மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியவில்லை, செல்போன் கேமராவில் கோடு கோடாக ஓடுகிறது. விலை குறைத்துச் செய்த பல்பில் வோல்டைச் சமன்படுத்தும் கெபாசிட்டர் இல்லாமலோ மிகச் சிறியதாகவோ இருக்கும். விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். எரிவதில் குறையில்லை. படிக்கும் மேசைக்கும் தையல் மெஷினுக்கும் மேலே மட்டும் அதை வைக்காதீர்கள். வாங்கும்போது கடையிலேயே கேமராவை நீட்டிப் பார்க்கலாம்.

ஒரே ஒரு பல்பு. ஹோல்டர் பின்தான் முதல் சந்தேகம். மரக் குச்சியால் ஹோல்டரை மெல்லத் தட்டுங்கள். மினுக்கல் கூடினாலோ ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வந்தாலோ உள்ளே பொறி பறக்கிறது. உடனே அணையுங்கள். அடுத்த சந்தேகம் ஸ்விட்ச். போட்டதும் உள்ளே கரகரவென்றால் மாற்றுங்கள்.

டிம்மர் உள்ள அறை. குண்டு பல்புக்கான திருகு டிம்மர், ஒரு குறைந்தபட்சச் சுமை இல்லாமல் ஒழுங்காக வேலை செய்யாது. 7 வாட் எல்இடி அதற்குப் போதாது. அதோடு அட்டைப்பெட்டியில் டிம் செய்யலாம் என்று எழுதாத பல்பை டிம்மரில் போட்டால் மினுக்கும், ரீங்காரமிடும், போய்விடும். டிம்மரை எடுத்துவிட்டுச் சாதாரண ஸ்விட்ச் போடுவது மலிவு. வெளிச்சத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் டிம் செய்யும் பல்பு, எல்இடி டிம்மர் இரண்டும் மாற வேண்டும்.

மாலை ஆறு முதல் பத்து மணி வரை மட்டும். அப்போது பிளக் பாயிண்டில் மீட்டரை வைத்துப் பாருங்கள். 180 வோல்டுக்குக் கீழே போனால், டிரைவர் (மெயின் கரன்டை எல்இடிக்கு ஏற்றதாக மாற்றும் சர்க்யூட்) எளிமையான பல்புகள் மங்கி மினுக்கும். அட்டையில் 220–240 என்று போட்ட பல்புக்குப் பதில் 100–300 வோல்ட் என்று போட்டதை வாங்குங்கள். லோ வோல்டேஜ் தினமும் என்றால் மின்வாரியத்தில் புகார்தான் வழி.

இன்வெர்ட்டரில் மட்டும் ரீங்காரம், மினுக்கல். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரின் இயல்பு அது. நல்ல டிரைவர் உள்ள பல்பு ஓரளவு தாங்கும். முழுத் தீர்வு சைன் வேவ் இன்வெர்ட்டர். செலவு பெரிது, பல்புக்காக மட்டும் மாற்றத் தேவையில்லை.

## வீடு முழுக்க விளக்குகள் ஏறி இறங்குகின்றன

இங்கே நின்று படியுங்கள். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஒரு கணம் மங்கினால் பரவாயில்லை. ஆனால் ஒரு அறையில் கிரைண்டரைப் போட்டதும் இன்னொரு அறை விளக்கு *பிரகாசமானால்*, அல்லது சில அறைகள் பளீரென்றும் சில அறைகள் மங்கியும் நின்றால், நியூட்ரல் விட்டுப்போகிறது. மூன்று பேஸ் இணைப்பில் நியூட்ரல் அறுந்தால் சில லைன்களில் 230க்குப் பதிலாக 300, 350 வோல்ட்கூட ஏறும். பல்பு, டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் ஒரே நிமிடத்தில் போகும், தீயும் பிடிக்கலாம்.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: மெயினை இறக்குங்கள். பிறகு அக்கம்பக்கத்தில் கேளுங்கள். அவர்களுக்கும் அப்படியே என்றால் கோளாறு கம்பத்தில் அல்லது டிரான்ஸ்ஃபார்மரில். தமிழ்நாட்டில் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, இரவிலும் எடுப்பார்கள். உங்கள் வீட்டில் மட்டும் என்றாலும் மீட்டருக்கு முன்னால் இருக்கும் இணைப்பில் லைன்மேன்தான் கை வைக்க வேண்டும். மீட்டருக்குப் பின்னால் என்றால் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன். சரியாகும் வரை மெயினை ஏற்றாதீர்கள்.

## பல்பு சீக்கிரம் போகிறது

25,000 மணி நேரம் என்று அட்டையில் இருக்கும். தினம் ஆறு மணி நேரம் எரித்தால் பதினோரு வருடம். அந்தக் கணக்கு எல்இடி சில்லுக்குப் பொருந்தலாம், அடியில் இருக்கும் டிரைவருக்குப் பொருந்தாது. முதலில் சாவது டிரைவரின் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர். வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

மூடிய குளோப். வாசலில் தொங்கும் கண்ணாடி உருண்டை, குளியலறையின் அடைத்த கூண்டு, ஃபால்ஸ் சீலிங்கின் ஆழமான குழி ஆகியவற்றில் சூடு வெளியேற வழியில்லை. அரை மணி நேரம் எரித்து அணைத்து, கண்ணாடியைக் கழற்றிப் பல்பின் அடிப்பகுதியைத் தொடுங்கள். விரல் வைத்து நிற்க முடியவில்லை என்றால் காரணம் அகப்பட்டது. 12 வாட்டுக்குப் பதில் 7 வாட் போடுங்கள், அல்லது மேல் பக்கம் காற்று போக வழி உள்ள குளோப் மாற்றுங்கள். சித்திரை வெயிலில் கான்கிரீட் கூரைக்கு ஒட்டிய இடமென்றால் இன்னும் கவனம்.

ஹை வோல்டேஜ். ஊர் தூங்கிய பிறகு சுமை குறைந்து வோல்ட் ஏறும். ராத்திரி பதினொன்றுக்கு மேல் அளந்து பாருங்கள். திரும்பத் திரும்ப 250ஐத் தாண்டினால் எழுதி வைத்துக்கொண்டு மின்வாரியத்தில் கொடுங்கள்.

ஒரே ஹோல்டரில் மட்டும் போகிறது என்றால் மறுபடி பின், ஸ்பிரிங், சீலிங் ரோஸ் திருகு. விட்டு விட்டுத் தொடும் இணைப்பு ஒவ்வொரு தொடலிலும் டிரைவரை உதைக்கிறது.

இடி மழைக்குப் பிறகு பல பல்புகள் ஒன்றாகப் போயின என்றால் மின்னலால் லைனில் வோல்ட் ஒரு கணம் எகிறியிருக்கிறது (சர்ஜ்). ஐப்பசி, கார்த்திகையில் இது சகஜம். மெயின் போர்டில் சர்ஜ் தடுப்பான் போடச் சொல்லலாம். எர்த் நன்றாக இல்லாத வீட்டில் அது வெறும் அலங்காரம், எர்த்தைச் சோதித்த பிறகே காசைச் செலவழியுங்கள்.

மட்டமான பல்பு. பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும், கூடவே ஐஎஸ் 16102 என்று இருக்கும். இரண்டும் இல்லாத பல்பை நடைபாதைக் கடையில் மூன்று பல்பு நூறு ரூபாய் என்று வாங்கினால் குறை சொல்ல ஆளிருக்காது. வாங்கிய அன்றே பல்பின் கழுத்தில் மார்க்கரால் தேதி எழுதி, பில்லைப் போட்டோ எடுத்து வையுங்கள். வாரண்டி இருக்கும்போதே பல பல்புகள் குப்பைக்குப் போவது பில் இல்லாததால்தான்.

## டியூப்லைட் பட்டியில் எல்இடி டியூப் மாட்டிய பின்

பழைய பட்டியை வைத்துக்கொண்டு டியூபை மட்டும் மாற்றும்போதுதான் தவறு மலிகிறது. புதுப் பட்டியோடு வரும் 20 வாட் பேட்டன் வாங்குவது சில நூறு ரூபாய்தான் கூட, தலைவலி பாதி. இருந்தும் பட்டியை விட மனமில்லை என்றால்:

எரியாமல் மினுக்குகிறது. பழைய ஸ்டார்ட்டர் உள்ளேயே இருக்கிறது. அதை எடுத்துவிட்டு டியூபோடு தந்த டம்மி ஸ்டார்ட்டரைப் போடுங்கள். பின்னாளில் யாராவது சாதாரண டியூபை அந்தப் பட்டியில் மாட்டினால் இந்த டம்மியை எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் டியூபின் இழை கருகி சோக் கொதிக்கும்.

எரிந்து சில நாளில் போனது. சோக்கைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் காப்பர் சோக். இலேசாக இருந்தால் எலக்ட்ரானிக் சோக், அது வெளிவிடும் உயர் அதிர்வெண் கரன்டை சாதாரண எல்இடி டியூப் தாங்காது. எலக்ட்ரானிக் சோக்கை முழுக்கக் கழற்றி, ஒயரை டியூபுக்கு நேராகக் கொடுக்க வேண்டும். காப்பர் சோக்கும் வெறுமனே சில வாட்டைச் சூடாக்கி வீணடிக்கும், அதையும் எடுத்துவிடுவதே மேல்.

மாட்டியதும் எம்சிபி இறங்கியது. ஒரு முனையில் மட்டும் கரன்ட் வாங்கும் டியூபின் மறுமுனைப் பின்கள் உள்ளே ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கலாம். டியூபைத் திருப்பி மாட்டினால் ஃபேஸும் நியூட்ரலும் நேராக மோதும். டியூபின் எந்த முனையில் ஃபேஸ், நியூட்ரல் என்று அச்சிட்டிருக்கிறதோ அதைப் பட்டியின் கரன்ட் வரும் முனையோடு சேருங்கள். பட்டியில் ஒரு முனையில் ‘கரன்ட்’ என்று பெயின்டால் எழுதிவிடுங்கள், அடுத்து மாற்றப் போவது நீங்களாக இருக்காது.

இரு முனையிலும் கரன்ட் வாங்கும் வகையை மாட்டும்போது எம்சிபி கட்டாயம் கீழே இருக்க வேண்டும். ஒரு முனையைச் செருகியதும் மறுமுனைப் பின்னில் ஷாக் அடிக்கும்.

## ஃபால்ஸ் சீலிங் பேனல் விட்டு விட்டு எரிகிறது

பேனல் அப்படியே இருக்கும், தனியாகத் தொங்கும் டிரைவர் பெட்டி போயிருக்கும். அதன் மேல் ‘40–72 வோல்ட் டிசி, 300 மில்லியம்பியர்’ என்பதுபோல் எழுதியிருக்கும். புது டிரைவரில் மில்லியம்பியர் அதே எண்ணாக இருக்க வேண்டும், வோல்ட் எல்லைக்குள் பேனல் அடங்க வேண்டும். வாட் மட்டும் பார்த்து வாங்கி மில்லியம்பியர் கூடினால் பேனல் கருகும். முதலில் பேனலை டிரைவரோடு இணைத்துவிட்டு, பிறகுதான் கரன்ட் கொடுக்க வேண்டும். கரன்ட் கொடுத்த டிரைவரில் பேனலைச் செருகினால் சேர்ந்திருக்கும் வோல்ட் ஒரே அடியில் சில்லுகளைக் கொல்லும்.

## பேட்டரி உள்ள இன்வெர்ட்டர் பல்பு கரன்ட் போனால் எரியவில்லை

ஸ்விட்ச் ‘ஆன்’ நிலையில் இருந்தால்தான் எரியும், இது முதல். அடுத்து, அந்தப் பல்பு வீட்டின் மற்ற சாமான்கள் வழியாக வட்டம் மூடியிருக்கிறதா என்று உணர்ந்துதான் எரிகிறது. அந்த எம்சிபியை இறக்கிவிட்டாலோ, அந்த லைனில் வேறு எதுவும் ‘ஆன்’ ஆக இல்லாவிட்டாலோ அதற்குக் கரன்ட் போனதே தெரியாது. கையில் எடுத்து அடியின் இரு புள்ளிகளையும் ஈர விரலால் தொடுங்கள். எரிந்தால் பல்பு நல்லது. எரியாவிட்டால் பத்து மணி நேரம் ஹோல்டரில் எரியவிட்டுச் சார்ஜ் ஏற்றி மறுபடி பாருங்கள், அதற்கும் எரியாவிட்டால் பேட்டரி போனது.

## வெளிச்சம் போதவில்லை

வாட்டைப் பார்க்காமல் லூமனைப் பாருங்கள். 60 வாட் குண்டு பல்புக்கு ஈடு 700 முதல் 800 லூமன். இப்போதைய நல்ல 9 வாட் எல்இடி 900 லூமன் வரை தரும். அப்படியும் மங்கலாகத் தோன்றினால், குண்டு பல்பு பின்பக்கமும் வெளிச்சம் வீசும், எல்இடி முன்பக்கமே வீசும் என்பதுதான் காரணம். ஆங்கிள் ஹோல்டரில் பல்பு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அங்கே மட்டும் பளிச்சென்றிருக்கும்.

## வெளி விளக்கைப் போட்டால் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் லைனை அணைக்கும் ஸ்விட்ச்) இறங்குகிறது, அல்லது விளக்கின் உலோகக் கூட்டைத் தொட்டால் ஷாக்

பல்பைக் கழற்றிவிட்டு ஸ்விட்சைப் போடுங்கள். இப்போது இறங்கவில்லை என்றால் பல்பு அல்லது கூட்டுக்குள் ஈரம். காயவைத்து, ரப்பர் வளையம் மாற்றி, வாசல், மொட்டைமாடிக்கு ஐபி65 (தூசியும் மழைநீரும் புகாதது) என்று போட்ட விளக்கைப் போடுங்கள். பல்பு இல்லாமலும் இறங்கினால் ஒயர் கசிகிறது. அந்த ஸ்விட்சை டேப் ஒட்டி மூடிவிட்டு எலக்ட்ரீஷியனிடம் மெக்கர் (ஒயர் உறையின் கசிவை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 500 வோல்டில் 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டும் ஒயரை ஒட்டுப் போடாமல் மாற்ற வேண்டும். உலோகக் கூட்டில் ஷாக் அடித்தால் எர்த் ஒயர் கூட்டோடு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் அந்தப் பச்சை ஒயர் சீலிங் ரோஸுக்குள் வெட்டப்பட்டு, எதிலும் சேராமல் சுருண்டு கிடக்கும்.